கம்பெனி வாசலில் குடங்கள்

பஸ் நின்றதும் முதலில் என் கண்ணில் பட்டது அக்காவின் முதுகுதான்.

ரோட்டின் குறுக்கே, கம்பெனி கேட்டுக்கு நேரெதிரே, எங்கள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் குடம். எல்லாம் காலி. கடல் காற்றில் குடங்கள் உருண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முன் வரிசையில் கத்தரிப்பூ நிறப் புடவையில், முடியை அள்ளிக் கொண்டையாகச் செருகிக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி கஸ்தூரி அக்கா. ஷிப்ட் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்ததை அவள் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

நான் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம். பச்சைச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை.

பக்கத்து சீட்டில் ஒடிசாக்காரர் ஒருவர். எட்டிப் பார்த்துவிட்டு "பானி?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. குடத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கம்பெனியில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு அது புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

சூப்பர்வைசர் ஜெயராஜ் முன் சீட்டிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் காலனிக்காரர். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு அறுத்த குடும்பம். வீட்டிலேயே முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"சேகரு, முன்னாடி குந்திக்கினு கீறது உங்க அக்காதான?"

"ஆமா சார்."

"எறங்கிப் போயி பேசு. மேல இருந்து போன் மேல போன் வருது. எழுந்துக்கச் சொல்லு. தண்ணி வந்துடும்னு சொல்லு."

"வருமா சார்?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி உள்பக்க வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குப் பேர் வந்த கதை

இந்தக் காட்சியை ஆறப்போட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்று இந்த இதழின் ஆசிரியர் சொன்னார். சில வருஷங்கள் ஆறப்போட்டும் பார்த்துவிட்டேன். ஆறவில்லை. எனவே சூடாகவே தருகிறேன்.

சென்ற வாரம் படகுத் துறையைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு எங்கள் ஊரின் கிடப்பு ஓரளவு தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஊத்துமேடு. கிழக்கே கடல். மேற்கே ஆறு, அதுவும் பாதி நாள் உப்புத் தண்ணீர். வெளியாட்கள் 'தீவு' என்பார்கள். நாங்கள் அப்படிச் சொன்னதே இல்லை. எங்களுக்கு அது ஊர். மற்றவர்கள்தான் அக்கரையில் இருந்தார்கள்.

சுற்றிலும் உப்பு. நடுவில், வடக்கு தெற்காகப் படுத்துக்கிடந்த மணல்மேட்டில் மட்டும் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரோடு சேராமல் அதன் மேலேயே நிற்கும் என்று ஐ.டி.ஐ. படிக்கும்போது ஒரு வாத்தியார் சொன்னார். அதுவரை எனக்குக் காரணமெல்லாம் தெரியாது. முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்த ஊற்றை வைத்துத்தான் ஊருக்கே பேர்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் அக்காதான். மணலில் குப்புறப் படுத்து, குழிக்குள் தோள்வரை கையை விட்டு, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள். கொஞ்சம் எடுத்ததும் காத்திருக்க வேண்டும், மறுபடி ஊறுவதற்கு. அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை முழுவதும் பேசப்படும். அவள் திரும்பி வரும்போது ஒரு கன்னத்தில் மட்டும் மணல் ஒட்டியிருக்கும். வேர்வையில் ஒட்டிய மணல் லேசில் உதிராது. ஒரு பக்கம் மினுங்கும் முகத்தோடு அவள் குடத்தை இறக்குவாள்.

குடித்தால் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருக்கும். அந்தத் தண்ணீரில் போட்ட டீயைப் பற்றி மீஞ்சூர் சந்தைக்குப் போகும் எங்கள் பெண்கள் பெருமையடிப்பார்கள்.

ஒருமுறை மீஞ்சூரில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர் படகில் வந்து, மேட்டில் ஒரு மோட்டார் போட்டு, கேன் கேனாகத் தண்ணீர் எடுத்துப்போகிறேன் என்று கேட்டார். ஊருக்கு ஏதாவது செய்கிறேன் என்றும் சொன்னார். ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மோட்டார் போட்டு இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். குழியைக்கூட ஓர் அளவுக்குமேல் தோண்டக் கூடாது. எடுத்து முடித்தவள் குழியை மூடிவிட்டுத்தான் போகவேண்டும். பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத ஊர், தன் வாயையும் வயிற்றையும் கட்டி அந்தத் தண்ணீரைக் காப்பாற்றி வைத்திருந்தது.

எதற்குக் காப்பாற்றி வைத்தோம் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பந்தலும் பிரியாணியும்

கம்பெனியின் பேரை எழுத மாட்டேன். பயமில்லை. ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, எழுதினால் இரண்டாவதாக ஒன்று வரும்.

வந்தவர்கள் முதலில் பந்தல் போட்டார்கள். நாற்காலி, மைக், எல்லோருக்கும் ஒரு தொப்பி, ஒரு பிரியாணிப் பொட்டலம். திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். அதில் எங்கள் வீடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தன. மணல்மேட்டுக்கு நிறமே கொடுக்கவில்லை. 'தரிசு' என்றார் பேசிய அதிகாரி. மக்கள் தொடர்புக்கென்று வந்தவர். இளவயது. இஸ்திரி கலையாத சட்டை. மேடையில் பேசுவதுபோலவே நேரிலும் பேசுவார்.

அக்கா எழுந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஊரிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தாள்.

"அந்த மேட்டுலதான் சார் நாங்க தண்ணி எடுக்குறோம்."

"அம்மா, இனிமேல் நீங்கள் குழி தோண்டிக் கஷ்டப்படவே வேண்டாம். உங்கள் வீட்டு வாசலுக்கே குழாய் வரும்."

கைதட்டல். எங்கள் நைனாகூடத் தட்டினார். அவர் அந்த வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன், அது அவருடைய சாராயம். அவர்கள் செய்ததை மட்டும் அவர்கள்மேல் போடுகிறேன். அதுவே நிறைய இருக்கிறது.

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டார்கள். பொக்லைன் வந்தது. டிப்பர் லாரிகள் வந்தன. மேட்டை வெட்டி ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் கட்டடம் எழுப்பினார்கள். மேட்டில் இருந்த தாழம்புதர்கள் வேரோடு ஒரு பக்கம் குவிந்துகிடந்தன. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மணல் இவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மழைக்காலம் போனது. அடுத்த கோடையில், மிச்சமிருந்த ஊற்றுகளில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. டீயில் பால் திரிந்தது. சோறு வெந்தும் வேகாத மாதிரி இருந்தது. "இனிமே கொழம்புக்கு உப்பு வாங்க வேணாம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் அந்தக் கிண்டலைச் சொல்ல யாருக்கும் மனசில்லை.

குழாய் வரவில்லை. அதற்குப் பதிலாக டேங்கர் லாரி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள். வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'ஊத்துமேடு மக்களுக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தார்கள்.

ஃபிட்டருக்குக் கிடைத்த வேலை

இடம் கொடுத்த ஊர் என்று குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் அனுப்பினார்கள். அவர் எனக்குப் பச்சைச் சட்டை கொடுத்தார். தோட்டப் பராமரிப்பு.

அலுவலகத்துக்கு முன்னால் பெரிய புல்வெளி. புல்லை லாரியில் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து விரித்திருந்தார்கள். உப்புக்காற்று பட்டால் நுனி கருகும் ஜாதி. காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டும். பக்கத்தில் தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி, அதற்கு ஒரு மோட்டார் ரூம். அதன் சாவி என் இடுப்பில்.

கம்பெனிக்குள் பயன்படுத்திய கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் அந்தத் தொட்டியில் விடுவார்கள். அதைக் கையில் அள்ளினால் ஒரு வாடை வரும். புல்லுக்கு அது போதும். அதில் எனக்குப் புகார் இல்லை.

அந்தச் சமயம் எனக்குக் கல்யாணமாகி மீஞ்சூரில் வாடகைக்குக் குடியிருந்தேன். மனைவிக்கு உப்புத் தண்ணீரில் குளித்துப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவேன்.

அந்தக் கோடையில் தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ பெரியவர் பார்வையிட வருகிறார் என்று ஒரே அமர்க்களம். கேட்டுக்குப் புது பெயின்ட். நடைபாதைக் கற்களுக்குச் சுண்ணாம்பு. புல் பச்சையாக இருக்கவேண்டும், ஒரு இடத்தில்கூட மஞ்சள் தெரியக்கூடாது என்று உத்தரவு. ஆனால் வெயிலில் தொட்டித் தண்ணீர் போதவில்லை, பெரியவருக்கு வாடை அடிக்கக் கூடாது என்று அதையும் நிறுத்தித் தொட்டியைக் கழுவச் சொன்னார்கள்.

ஒரு காலை நான் மோட்டார் ரூம் வாசலில் நிற்கிறேன். டேங்கர் ஒன்று பின்பக்கமாக வந்து தொட்டி மூடியருகே நிற்கிறது. பக்கவாட்டில் 'ஊத்துமேடு மக்களுக்கு அன்புடன்.'

"இன்னாபா, இது ஊருக்குப் போற வண்டிதான?" என்றேன் டிரைவரிடம்.

"எனக்கு இன்னா தெரியும் நைனா? இங்க எறக்கச் சொன்னாங்க, எறக்குறேன்."

குழாயைத் தொட்டிக்குள் விட்டான். நான் கையை நீட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

ஜெயராஜிடம் போய்ச் சொன்னேன். "சார், அது ஊரு தண்ணி."

"தெரியும் சேகரு. எனக்குச் சொல்லிட்டுத்தான் அனுப்புனாங்க. விசிட் முடியறவரிக்கும்தான். அப்பால சரியாயிடும். நீ எதையும் பேசிக்கினு பேஜாரு பண்ணாத."

அடுத்த நாளும் வந்தது. அந்த வாரம் முழுவதும் வந்தது. நான் அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விட்டேன். பைப்பைப் பிடித்து நிற்கும்போது கை கூசியது. அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அரை டம்ளர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். மாமா கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, குடிக்க அரை டம்ளர் தண்ணீர் வைத்தாள். அரை டம்ளர்தான். வீட்டில் எப்போதும் நிரம்பி நிற்கும் சிமெண்டுத் தொட்டி வறண்டு, அடியில் பல்லி ஒன்று ஓடியது.

"டேங்கர் வந்தே ஒரு வாரம் ஆவுது," என்றாள். "போன் பண்ணா வண்டி ரிப்பேருன்றான். ஆத்துக்கு அப்பால போயி, காலனிப் பொம்பளைங்க கைல கால்ல வுழுந்து ஒரு கொடம் வாங்கியாறோம். அவங்களுக்கே அங்க பத்தல, பாவம். இன்னாடா துன்னாம குந்திக்கினு கீற?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டேங்கர் வருவது, தொட்டி, புல்.

"புல்லுக்கா?"

"ஆமாக்கா."

"ஆடு துன்ற புல்லா?"

"இல்ல. சொம்மா பாக்குறதுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். நான் ஏதோ கதை விடுகிறேன் என்று நினைத்த சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையில் பிசைந்து வைத்திருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து, பின்பக்கம் போய்க் கை கழுவினாள். அந்தக் கை கழுவும் தண்ணீரும் உப்புத்தான்.

திரும்பி வந்து, "நீ துன்னு," என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் பெண்ணின் காய்ச்சலைப் பற்றி விசாரித்தாள்.

மறுநாள் காலைதான் பஸ் நின்றது.

"சேகரு, வண்டி ரிப்பேரா?"

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் எனக்கு அத்தை, சித்தி, அண்ணி முறை. யாரும் என்னை 'வா' என்று சொல்லவில்லை.

"அக்கா."

திரும்பிப் பார்த்தாள். "யாரா வந்துக்கிற? என் தம்பியாவா, கம்பெனி ஆளாவா?"

"எழுந்துக்கச் சொல்லி அனுப்பிக்கிறாங்க."

"நீ இன்னா சொல்ற?"

நான் பேசுவதற்குள் கேட்டின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு அந்த மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். அதே கலையாத சட்டை. கைகளைக் கூப்பினார்.

"சகோதரிகளே, உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. டேங்கர் வண்டி பழுதாகிவிட்டது. உதிரி பாகம் வரவேண்டியிருக்கிறது. இரண்டொரு நாளில் சரியாகிவிடும். தயவுசெய்து ஒத்துழையுங்கள்."

அவ்வளவு பணிவு. அவ்வளவு சுத்தமான பொய். எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லும்போது முகத்தில் ஒரு கணம் ஏதாவது ஓடும். அந்த முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் மனுஷர்களாக எண்ணியிருந்தால் ஒரு சுருக்கமாவது விழுந்திருக்கும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சேகரு, வண்டி ரிப்பேரா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். பஸ் படியில் நின்ற ஜெயராஜ் தரையைப் பார்த்தார். பஸ் ஜன்னல்களில் வரிசையாக மஞ்சள் ஹெல்மெட்டுகள்.

"ரிப்பேர் இல்லக்கா," என்றேன். "முந்தாநேத்துகூட உள்ள வந்து தண்ணி எறக்கிச்சு. பாதித் தொட்டி அப்படியே கீது."

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அக்கா எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "வாங்கடி," என்றாள், சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி. அதிகாரி திறந்து வைத்திருந்த அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனாள். பின்னாலேயே மற்றவர்கள் ஒவ்வொருவராக. செக்யூரிட்டி ஆட்கள் கையை நீட்டினார்கள், பிறகு இழுத்துக்கொண்டார்கள். பெண்களைத் தொட்டுத் தடுக்கப் பெண் காவலாளி இல்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று கம்பெனி நினைத்துப் பார்த்ததில்லை.

நானும் போனேன். மோட்டார் ரூமைத் திறந்தேன்.

அதிகாரி ஓடிவந்தார். "சேகர், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துதான் செய்கிறீர்களா?"

"தண்ணி வுடுறதுதான் சார் என் வேலை," என்றேன். சுவிட்சைப் போட்டேன்.

பைப் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீரை. அக்கா முதல் குடத்தைத் தன்னுடையதாக வைக்கவில்லை. நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணை முன்னால் கூப்பிட்டாள். அவள் குடத்தில் பிடிக்கவில்லை, இரண்டு கைகளையும் குவித்துப் பைப்புக்கு நேராக வைத்துக் குடித்தாள். முகம், கழுத்து, ஜாக்கெட் எல்லாம் நனைந்தது. மூச்சு வாங்க நிறுத்தி மறுபடி குடித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தனை பேருக்கும் தொண்டை காய்ந்துகிடந்தது. ஒருத்தி வரிசையை விட்டுப் போய்ப் புல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடியே, மெத்துனு கீதுடி," என்றாள். "எழுந்திரு, அப்பால குந்துவ," என்று அக்கா அதட்டினாள்.

சாட்சிப் பொருள்

நிறைந்த குடங்களோடு அவர்கள் கேட்டை விட்டு வெளியே வந்தபோது போலீஸ் வந்திருந்தது.

குடங்களை இறக்கி வைக்கச் சொன்னார்கள். அத்துமீறி நுழைந்தது, தண்ணீரைத் திருடியது என்று புகார். தண்ணீர் திருட்டுப்போன பொருள். அது இருக்கும் குடம் சாட்சிப் பொருள். எனவே குடங்களை ஜீப்புக்குப் பின்னால் வந்த வேனில் ஏற்றினார்கள்.

இதை நான் கதையாக ஜோடிக்கவில்லை. நிறைந்த குடங்களை வேனில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பாதி தளும்பி ரோட்டில் கொட்டியது. மிச்சத்தை ஸ்டேஷனின் பின்பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். பிறகு ஒருநாள் ஜாமீன் கையெழுத்துப் போடப் போனபோது பார்த்தேன். கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஊருக்கு நடந்தார்கள். குடமும் போய்விட்டது. அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

என்னை ஒப்பந்தக்காரர் போனிலேயே நிறுத்திவிட்டார். வழக்கில் முதல் குற்றவாளி கஸ்தூரி. இரண்டாவது நான்.

ஜெயராஜ் கம்பெனி தரப்பு சாட்சி. வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் எங்களைப் பார்த்து ஒதுங்கி நிற்பார். ஒருமுறை தயங்கித் தயங்கி அக்காவுக்கு டீ வாங்கிவந்து நீட்டினார்.

"என்னைத் தப்பா நெனைக்காதம்மா. பேர் போட்டுட்டாங்க. வரலன்னா வேலை போயிடும்."

அக்கா டீயை வாங்கிக்கொண்டாள். "எனக்கு உம்மேல கோவம் இல்லண்ணா. உனக்கும் புள்ளைங்க கீது. ஆனா உள்ள கூப்ட்டுக் கேக்கும்போது, வண்டி ரிப்பேரான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

அவர் காலி டம்ளருக்காகக் கை நீட்டியபடி நின்றார். அவர் சாட்சி சொல்லும் நாள் இன்னும் வரவில்லை.

"தண்ணிதான் வந்துச்சே"

நான் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் இருக்கிறேன். ஒருவழியாக ஃபிட்டராக. குடும்பத்தோடு புதுவாயலில் குடியிருக்கிறோம். தண்ணீர் கேனில் வருகிறது.

இந்தத் தொடரைப் படிக்கும் மில் நண்பர் ஒருவர் நாஷ்டா சாப்பிடும்போது கேட்டார்: "உங்க ஊருக்குத் தண்ணிதான் வந்துச்சே, அப்புறமும் இன்னாப்பா இவ்ளோ கோவம்?"

வந்தது, உண்மைதான். குடங்கள் வேனில் ஏறும் படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் குழாய் போட்டார்கள். வீட்டுக்கு வீடு. பல வருஷம் முடியாதது சில மாதத்தில் முடிந்தது என்றால், எப்போது வேண்டுமானாலும் முடிந்திருக்கும் என்றுதானே அர்த்தம்? என் கோபத்தில் பாதி அதுதான்.

மீதிப் பாதி இது: குழாய் திறப்பு விழா அன்று ரிப்பன், மாலை, மைக் எல்லாம் இருந்தது. அக்கா இல்லை. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் வாய்தா. அந்தக் குழாய் யாரால் வந்ததோ, அவள் அதே தண்ணீருக்காகத் திருடி என்று பேர் வாங்கி, கோர்ட்டு வராந்தாவில் தன் பேரைக் கூப்பிடுவார்களா என்று நின்றுகொண்டிருந்தாள். ஊரில் கல்வெட்டு வைத்தார்கள். அதில் 'வழங்கியது' என்று போட்டிருக்கிறது. எங்களிடமிருந்து ஒரு மேட்டையே எடுத்துக்கொண்டு, திருப்பி ஒரு குழாயைக் கொடுத்தவர்கள் 'வழங்கினார்கள்'.

ஒரு படம் எடுக்க வந்தார்கள்

சில மாதங்களுக்கு முன் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அந்த மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். கூட ஒரு போட்டோக்காரர். கம்பெனி வருஷா வருஷம் போடும் புத்தகத்தில், பயன்பெற்றவர்கள் என்று படம் போடவேண்டுமாம். போட்டோக்காரருக்கு அக்காவின் வீட்டு வாசல் பிடித்திருந்தது. வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. அதிகாரிக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி நின்றார்.

போட்டோக்காரர் கையோடு ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் குடம் படத்தில் எடுபடாதாம். அதைக் குழாய்க்கடியில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டார்.

"இப்படி வந்து குடத்தைப் பிடிங்க அக்கா. கேமராவப் பாருங்க. அவ்ளோதான். கொஞ்சம் சிரிங்க."

அக்கா குடத்தைத் தொடவில்லை. அவரைத் தாண்டி அதிகாரியைப் பார்த்தாள்.

"கேச வாபஸ் வாங்குங்க, சிரிக்கிறேன்," என்றாள்.

அதிகாரி கைகளைக் கூப்பினார். "அம்மா, வழக்கு வேறு, இது வேறு. அது சட்டப் பிரிவு பார்க்கிற விஷயம். இது நல்ல காரியம்."

"எனக்கு ரெண்டும் ஒரே தண்ணிதான் சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு போட்டோக்காரரின் தோளைத் தொட்டு, "அடுத்த வீட்டுக்குப் போவோம்," என்றார். இருவரும் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே புதிதாகக் கல்யாணமாகி, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு மேடும் தெரியாது, குடங்கள் வேனில் ஏறியதும் தெரியாது. "சிரிம்மா, சூப்பர், இன்னொண்ணு," என்ற குரல் எங்கள் வாசல்வரை கேட்டது.

அவர்கள் திறந்துவிட்ட குழாய் எங்கள் வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா குனிந்து அதை மூடினாள். சொட்டுவதும் நிற்கும்வரை திருகிவிட்டு உள்ளே போனாள்.